டுவேன் பார்த்த மேட்சுகளும் வெர்னாவின் கழித்தலும்

அமெரிக்காவில் எங்கள் ஷெபாய்கன் ஊரில் வரிக்கணக்கு பார்க்கும் வெர்னா கூகன்பெக்கர் வேலை செய்யும்போது சிரிப்பார். பக்கத்து மேசையில் இருக்கும் எனக்கு எரிச்சலாக வரும். வரி சீசனில் யாராவது சிரிப்பார்களா? அவருக்குக் கணக்கு போடுவது ஊர்வம்பு கேட்பது மாதிரி. "காசு நிஜமா வாசல் தாண்டுச்சா, அதைச் சொல்லுங்க" என்று எல்லாரையும் குடைவார்.

போன குளிர்காலத்தில் நொரீனும் அவள் தம்பி டுவேனும் ஆளுக்கொரு காரில் வந்தார்கள். சீஸ் பெட்டி செய்யும் குடும்பக் கம்பெனியை டுவேன் நடத்துகிறான். பங்குதாரர் என்று கம்பெனி கொடுத்த பணத்தில் நொரீன் ஐஸ்கிரீம் வண்டி வாங்கிவிட்டாள். அந்த வருடம் கம்பெனிக்கு லாபம் என்று கணக்கு வந்தால் அவள் வாங்கியது டிவிடெண்ட், அதாவது வரிக்கு உட்பட்ட லாபப் பங்கு. வரி கட்ட வண்டியை விற்க வேண்டும்.

"நஷ்டம்னு வரிக்கணக்கு குடுத்தாச்சே அக்கா!" என்றாள் நொரீன்.

"டிவிடெண்டுக்கு வேற கணக்கும்மா. புது மெஷின் விலையை வரிக்கணக்குல ஒரே வருஷத்துல கழிச்சோம். இங்க வருஷா வருஷம் கொஞ்சமாத்தான் கழிக்கலாம்."

வெர்னாவின் பென்சில் ஓடியது. நஷ்டம் லாபமாகிவிட்டது. நொரீனுக்குக் கண் கலங்கியது.

"எல்லாம் இவனால! கஸ்டமரைக் கூட்டிக்கிட்டு சீசன் பூரா பேஸ்பால், போல்கா டான்ஸுக்கு பேண்டு வச்சு கூத்து! வரியில கழிக்கக்கூட முடியாத தண்டச் செலவு!"

டுவேன் தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றான். வெர்னா சிரிக்கத் தொடங்கினார்.

"ஏம்ப்பா, எவ்வளவு ஆச்சு? ரசீது இருக்கா?"

"இருக்கு. நீங்களும் திட்டாதீங்க."

"திட்டறதா! வரியில கழிக்க விடமாட்டாங்க. ஆனா இந்த டிவிடெண்டு கணக்குல கழிக்கலாம். காசு நிஜமாவே போயிடுச்சே!"

கழித்தார். லாபம் போன இடம் தெரியவில்லை. பழைய வருடங்களில் சேர்ந்த லாபமும் கிடையாது. நொரீன் வாங்கியது, அவள் கம்பெனியில் போட்ட முதலே திரும்பி வந்ததாக ஆயிற்று. வரி இல்லை, வண்டி அவளுக்கே. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, எழுந்து கைதட்டினேன்.

நொரீன் தம்பியின் கழுத்தை வளைத்துப் பிடித்தாள்.

"டேய் ஊதாரி, அடுத்த மேட்ச் எப்போ? நானும் வரேன்."