பின்கதவோரம் ஏற்றிய பாரம்

என் மகளின் குதிரை இறந்தது என்னால். அவளால்தான் இறந்தது என்று பல வருடங்களாக அவளை நம்பவைத்திருந்தேன்.

அப்போது அவள் பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதில் இருந்தாள். ஷாஃப்ஹவுசனுக்கு வெளியே, ஒரு சுவிஸ் பெண்மணியின் லாயத்தில் குதிரையை வைத்திருந்தோம். மலைப்பக்கம் ஒரு போட்டி வந்தது. என் பிக்கப் வண்டியின் முதுகில், படுக்கையும் அடுப்பும் உள்ள கேம்பர் கூட்டை ஏற்றி, பின்னால் குதிரை ட்ரெய்லரை இழுத்துப் போக முடிவு செய்தேன். குடும்பமாகக் கூட்டிலேயே தங்கிச் சமைத்துச் சாப்பிடலாம் என்று ஆசை.

"இரண்டும் சேர்ந்தால் பாரம் அதிகம். கூட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்" என்றார் லாயத்துப் பெண்மணி. தலையாட்டிவிட்டு வந்தேன்.

அரிசி, பானைகள், தண்ணீர்க் கான்கள் என்று மனைவி கூட்டை நிரப்பினாள்.

"அம்மா, நாங்கள் போட்டிக்கோ போறம், கலியாண வீட்டுக்கோ?" என்று மகள் சிரித்தாள்.

ட்ரெய்லரைக் கொளுவியதும் பிக்கப்பின் பின்பக்கம் அமிழ்ந்து, மூக்கு மேலே தூக்கியது. தண்ணீர்க் கான்களையும் தீன் சாக்குகளையும் எடுத்துப்போய் ட்ரெய்லரின் பின்கதவோரம் அடுக்கினேன். பிக்கப் நேராகிவிட்டது.

"அப்பா, பாரம் முன்னுக்கெல்லோ இருக்கவேணும்? லாயத்து அம்மா அப்பிடித்தானே சொல்லித்தந்தவ?"

"பிள்ளை, நான் ஊரில பௌதிகம் படிப்பிச்சனான். நீ போய்க் குதிரையைக் கட்டு."

நெம்புகோலைக் கரும்பலகையில் வரைந்து விளக்கியவன் நான். வாலில் வைத்த பாரம் ட்ரெய்லரின் மூக்கைத் தூக்கும், பிறகு வால் ஆடும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வண்டி பார்வைக்கு நேராக நின்றது. அது போதும் என்று நினைத்தேன்.

கூர் நகருக்கு அப்பால், ஓர் இறக்கத்தில் ட்ரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. வேகத்தை மெல்லக் குறைத்திருக்கலாம். பயத்தில் பிரேக்கை முழுதாக மிதித்தேன். ட்ரெய்லர் குடைசாய்ந்தது. எங்களுக்குக் காயமில்லை. குதிரையின் முன்கால் முறிந்திருந்தது. மிருக வைத்தியர் வந்து ஊசி போடும்வரை மகள் அதன் தலையை மடியில் வைத்திருந்தாள். யாரும் கவனிக்குமுன் நான் புல்லில் சிதறிய சாக்குகளைப் பொறுக்கிக் கூட்டுக்குள் எறிந்தேன்.

"ஏனப்பா ஆடினது?" என்று கேட்டாள்.

"குதிரை துள்ளினது. நீ கயித்தை நீளமா விட்டிட்டாய்."

குதிரையின் கயிற்றைப் பார்த்தாள். "ஓமப்பா. நீளமாத்தான் விட்டனான் போல."

லாயத்திலும் அவளே அப்படிச் சொன்னாள். அதன்பிறகு எந்தக் குதிரைப் பக்கமும் போகவில்லை.

போன வருடம் அவளுடைய மகள் குதிரையேற்றம் பழகக் கேட்டது. "வேண்டாம். நான் கட்டின குதிரை செத்துப்போச்சு" என்று இவள் மறுத்தாள். நான் பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பேத்தி வெளியே போனதும் எல்லாவற்றையும் சொன்னேன், சாக்குகளைப் பொறுக்கியது உட்பட.

"ஏன் இப்ப சொல்லுறீங்கள்? உங்கட மனம் ஆறவோ?"

மறுநாள் லாயத்துப் பெண்மணியிடமும் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, "உங்கள் மகளிடம் நான் பேச வேண்டும்" என்று மட்டும் சொன்னார்.

இப்போது சனிக்கிழமைகளில் மகளும் பேத்தியும் லாயத்துக்குப் போகிறார்களாம். மனைவி சொல்லித்தான் தெரியும். மகள் அழைக்கும்போது தொலைபேசியை நான் எடுத்தால், "அம்மாட்டக் குடுங்கோ" என்பாள். கொடுத்துவிடுவேன்.