பின்சுவரோரம் இல்லாத வட்டம்

எஸ்தர் அக்கா இறந்துபோன செய்தி வந்தபோது நான் கட்டிலில், துவைத்துப் போட்ட துணிக் குவியலின் மேல் மல்லாந்து கிடந்தேன். தூக்கமில்லை. மின்விசிறியைத் துடைப்பதற்காக பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஒரு முக்காலியை வைத்து ஏறியிருந்தேன். இரும்புக் கிடங்கில் இத்தனை வருஷம் மேற்பார்வை பார்த்தவன் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். நாற்காலி ஒரு பக்கம் போயிற்று, நான் ஒரு பக்கம் போனேன். நடுவில் கட்டில் இருந்ததால் இதை எழுதுகிறேன். சத்தம் கேட்டு மகள் ஓடிவந்து, "எந்தா அப்பா?" என்றாள். பள்ளிக்கூடத்து மலையாளம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சும்மா படுத்தேன் என்று சொன்னேன். கவிழ்ந்து கிடந்த நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டு போனாள். அப்போதுதான் போன் அடித்தது.

கூப்பிட்டது மணியன். எங்கள் கிடங்கில் சுமை தூக்கியவன், இப்போது ஒரு லாட்ஜில் வாட்ச்மேன். "அண்ணே, எஸ்தர் அக்கா போயிட்டா" என்றான். நான் கேட்ட முதல் கேள்வி, எங்கே விழுந்தார் என்பதுதான். விழவில்லை அண்ணே, சர்க்கரை முற்றி கிட்னி போய்விட்டது என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. போனை வைத்துவிட்டு இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு விசாரித்தேன். அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரே வாய் சொன்னதை நம்பாத பழக்கம் அவர் கொடுத்ததுதான்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாலைக் கடைத்தெருவில் எங்கள் அண்ணாச்சியின் கடை முன்னால் சின்னது, பின்னால் கிடங்கு நீளம். முன்னால் ஆணி, திருகு, தாழ்ப்பாள். பின்னால் பைப், ஆங்கிள், தகடு. ஏறுகிற இறங்குகிற சரக்கை எண்ணி எழுத ஆள் வேண்டும் என்று அண்ணாச்சி கூட்டிவந்தவர் எஸ்தர் அக்கா. பாறசாலைக்கு அப்பால் இருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கையில் டிபன் பாத்திரம், தோளில் குடை. வந்த முதல் வாரமே, மேல்தட்டிலிருந்து ஒரு ஸ்பானர் தானாக விழுந்தது. யார் மேலும் படவில்லை. அக்கா எழுந்து வந்து, பைக்குள்ளிருந்து சாக்பீஸை எடுத்து, ஸ்பானர் விழுந்த இடத்தில் தரையில் ஒரு வட்டம் போட்டார். போட்டுவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

எங்களுக்கு அன்றைக்கே சந்தேகம் வந்துவிட்டது. அண்ணாச்சி தன் கண் ஒன்றைக் கழற்றிக் கிடங்கில் கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்று நான்தான் முதலில் சொன்னேன். பத்தாம் வகுப்பில் பாதியை மட்டும் தாண்டியவன் என்றாலும் இந்த மாதிரி விஷயங்களில் என் மூளை பட்டப்படிப்பு படித்தது.

கிடங்கில் அதற்கு முன்பே ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது விழுந்து, சரிந்து, ஒருவன் மயிரிழையில் தப்பினால் அவன் எல்லோருக்கும் சாயாவும், பழம்பொரி என்கிற வாழைப்பழப் பஜ்ஜியும் வாங்க வேண்டும். உயிர் பிழைத்த சாயா என்று பெயர். சந்தோஷத்துக்காக யாரோ ஆரம்பித்தது. நாளாக ஆக என்ன ஆயிற்றென்றால், தப்பித்தவன் முதலில் நெஞ்சைத் தடவிக்கொள்வதற்குப் பதிலாக, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்க்க ஆரம்பித்தான். பார்க்கவில்லை என்றால் வாயை மூடிக்கொள்வான். எட்டுப் பேருக்குப் பழம்பொரி வாங்குவதற்கு யார் தயார்?

இந்த மௌனத்துக்குள் அக்கா சாக்பீஸோடு வந்தார். தினமும் மத்தியானம் சாயா நேரத்தில் கேட்பார். "இன்னைக்கு எங்க எது விழுந்துது?" எல்லோரும் மேலே பார்ப்போம். ஒரு நாள் பாபு என்கிற லோடிங்காரன் பொறுக்க முடியாமல், எவன் போட்டான் என்று தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டான். அக்கா கோபப்படவில்லை. "நான் யாருன்னு கேக்கல்லியே. எங்கேன்னு அல்லவா கேட்டேன்" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "பெருசு ஒண்ணு வாறதுக்கு முந்தி, அது சின்னதாப் பல வாட்டி வந்து எடம் பாத்துட்டுப் போவும். அது வந்து பாத்துட்டுப் போன எடம் எதுன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க, போதும்."

நல்ல பேச்சு. நான் நம்பவில்லை. எங்கே என்று சொன்னால் யார் என்று சொன்ன மாதிரிதானே, கிடங்கில் எந்த மூலையில் எவன் நிற்பான் என்று அண்ணாச்சிக்குத் தெரியாதா என்று நான் பையன்களிடம் விளக்கினேன். அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். கேட்டால் சொல்வது, ஆனால் இடத்தை மாற்றிச் சொல்வது. பைப் உருண்டது கிழக்கே என்றால் மேற்கே என்போம். கொஞ்ச நாளில் தரையெல்லாம் வட்டமாயிற்று. காலண்டருக்குக் கீழே ஒன்று, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் இரண்டு, அண்ணாச்சி மாதத்துக்கு ஒருமுறை வந்து உட்காருகிற நாற்காலிக்கு நேர் முன்னால் மூன்று. சரக்கு எடுக்க வந்தவர்கள் கிடங்கில் யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று ஒதுங்கி நடந்தார்கள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா மட்டும் வட்டங்களுக்கு நடுவில் நின்று, மேலே பார்த்து, கீழே பார்த்து, இங்கே விழுவதற்கு மேலே ஒன்றுமே இல்லையே என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பார்.

இனி எழுதப் போவதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

பின்சுவரோரம் தகடுகளைச் சாய்த்து நிறுத்தி வைப்போம். ஒரு நாள் காலையில் நான்தான் அடுக்கினேன். அவசரத்தில் சாய்மானம் போதாமல், கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக நிறுத்திவிட்டேன். மத்தியானம் அந்த வழியாகப் போனபோது முதல் தகடு சரிந்து என் இடது காலுக்கு ஒரு விரற்கடை தள்ளித் தரையில் அடித்தது. லாரிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தூக்கி மறுபடியும் சுவரில் சாய்த்தேன். சாயா நேரத்தில் அக்கா கேட்டபோது, படிக்கட்டுப் பக்கம் ஒரு பைப் உருண்டது என்று சொன்னேன். மேற்பார்வையாளன் ஆயிற்றே, அடுக்கியவன் நான்தான் என்று வெளியே வரலாமா? அக்கா படிக்கட்டுப் பக்கம் போய் வட்டம் போட்டார். அதன் மேல் நான் தினமும் ஏறி இறங்கினேன்.

ஒரு வாரம் கழித்து அதே சுவரோரம் ஏழெட்டுத் தகடுகள் ஒன்றாகச் சரிந்தன. கீழே மணியன் நின்றிருந்தான். வலது காலில் மூன்று விரல் போயிற்று. ஆஸ்பத்திரியில் அவனை விட்டுவிட்டு நாங்கள் திரும்பி வந்தபோது, அக்கா பின்சுவரோரம் தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் சுத்தமான தரை. "இந்த எடத்துல ஒரு வட்டமும் இல்லியே" என்றார். மறுபடி மறுபடி அதையே சொன்னார். எங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டார். இங்கே இதற்கு முந்தி ஒன்றுமே சரியவில்லையா? எல்லோரும் இல்லை என்றார்கள். அவர்களுக்கு உண்மையிலேயே தெரியாது. நானும் இல்லை என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவர் சாயா வழக்கத்தையே தலைகீழாக்கினார். தப்பித்தவன் வாங்க வேண்டாம், தப்பித்ததைச் சொன்னவனுக்கு மற்றவர்கள் வாங்கித் தர வேண்டும் என்று அண்ணாச்சியின் வாயாலேயே சொல்ல வைத்தார். மறுநாளே எங்கள் கிடங்கில் பொருட்கள் மழை மாதிரி விழ ஆரம்பித்தன. பாபு ஒருவனே காலையில் இரண்டு தடவை சாகப் பார்த்தான். எல்லாம் பழம்பொரிக்காக. அக்கா ஒவ்வொருவனையும் உட்காரவைத்து ஒரே கேள்விதான் கேட்பார். விழுந்தபோது உன் கால் எங்கே இருந்தது? பாபு, பைப் எவ்வளவு நீளம், எப்படிப் பறந்தது என்று கதை அளப்பான். கால் பற்றிக் கேட்டால் விழிப்பான். "மெய்யா தப்பிச்சவனுக்குத் தன் கால்தான் ஞாபகம் இருக்கும். பொய் சொல்லுறவனுக்குச் சாமான்தான் ஞாபகம் இருக்கும்" என்பார் அக்கா. பொய்கள் நின்றன. உண்மைகள் வர ஆரம்பித்தன. மேல்தட்டுக்கு விளிம்பு வந்தது, தகடுகளுக்குச் சங்கிலி வந்தது, பைப்புக்குக் கட்டை வந்தது. சரியானதும் அக்காவே ஈரத்துணியால் அந்த வட்டத்தைத் துடைப்பார். அவர் இருந்தவரை அங்கே இன்னொருவன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. எதுவும் நடக்காததால் அண்ணாச்சிக்கு, இதெல்லாம் தேவைதானா என்கிற சந்தேகம் கடைசிவரை போகவில்லை என்பது வேறு விஷயம்.

எனக்கு இருந்தது வேறு சந்தேகம். அக்காவுக்குத் தெரியும் என்பது. ஒரு நாள் திடீரென்று கேட்டார். "தம்பி, எல்லாரும் அந்தச் செவரை ஒட்டி நேராப் போறாங்க. நீங்க மட்டும் ஏன் எடது காலை ஒதுக்கிச் சுத்திப் போறீங்க?" சங்கிலி எல்லாம் போட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. நான் அப்படிப் போவது எனக்கே தெரியாது. செருப்பு வழுக்குகிறது என்றேன். அக்கா என் செருப்பைப் பார்த்தார். அன்று முதல் அவர் என்னைப் பார்த்து இருமினாலும் எனக்கு வேர்க்கும். அவர் தினமும் மணியனுக்குப் போன் பண்ணிச் சாப்பிட்டாயா என்று கேட்பதைப் பார்க்கும்போது இன்னும் அதிகம் வேர்க்கும்.

கடைசியாக அவரைப் பார்த்தது ஆஸ்பத்திரியில். கை கால் எல்லாம் வீங்கி, முகம் மட்டும் சிறுத்திருந்தது. கட்டில் பக்கத்துக் குளுக்கோஸ் கம்பி ஆடுகிறது, நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போங்கள் என்று முதலில் அதைத்தான் சொன்னார். மகள் படிப்பு பற்றிக் கேட்டார். நான் கிளம்பும்போது கையைப் பிடித்தார். "அந்தப் பின்செவரு பக்கம், மணியனுக்கு முந்தி ஒண்ணுமே சரியல்லியா தம்பி?" குளுக்கோஸ் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே இல்லை அக்கா என்றேன். "அப்பம் நான்தான் விட்டுட்டேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அடக்கத்துக்கு அவருடைய ஊர்ச் சபைக்குப் போனோம். வேலை செய்த இடத்திலிருந்து யாராவது இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று போதகர் சொன்னதும் எல்லோரும் என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். நேரம் தவறாதவர், கை சுத்தமானவர், எங்களைக் காத்தவர் என்றெல்லாம் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று பாபு சொன்னான். பக்கத்தில் நின்ற மணியன், கேலியும் அழுகையுமாக, "அக்கா எல்லாத்தையும் கண்டுபுடிச்சா, என் காலை மட்டும் விட்டுட்டா" என்றான். அவனுக்குத் தமிழ் வாசிக்க வரும். கடைத்தெரு ஊழியர்கள் போடுகிற இந்த நினைவு மலர் அவன் கைக்கும் போகும். அதற்கு முன்னால் நானே லாட்ஜுக்குப் போய் இதை அவனிடம் வாசித்துக்காட்ட வேண்டும்.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தச் சந்தேகத்தைத்தான். ஒன்றும் நடக்காமல் போன நாளை நம்பாத சந்தேகம். இப்போது மத்தியானச் சாயாவுக்குக் கிடங்கில் அந்தக் கேள்வியைக் கேட்கிறவன் நான். பையன்கள் என்னைச் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

அன்று அடக்கத்தில், அக்காவின் பெட்டியை மூடுவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை பக்கத்தில் போய் நின்றேன். பின்னால் வரிசை காத்திருந்தது. குனிந்தேன், வாயைத் திறந்தேன், பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு நகர்ந்துவிட்டேன். சொல்ல நினைத்தது இவ்வளவுதான்: அக்கா, நீங்க விடல. அங்க ஒரு வாரத்துக்கு முந்தியே ஒரு தகடு சரிஞ்சுது, என் காலுக்குப் பக்கத்துல. நான்தான் இடத்தை மாத்திச் சொன்னேன்.