மொட்டைமாடியில் சுவாதி

பெனடிக்ட் இதற்கு முன் இரண்டு வீடுகளைக் காலி செய்திருந்தார். இரண்டுக்கும் காரணம் கேமராதான். தனியாக இருக்கும் ஆள் இருட்டியதும் மொட்டைமாடியில் ஸ்டாண்டை விரித்தால் சுற்றுவட்டாரத்து ஜன்னல்கள் சாத்திக்கொள்ளும். மிஷன் பள்ளி ஒன்றில் ஆய்வக உதவியாளர். தல்லாகுளத்தில் இந்த மாடிவீடு கிடைத்தபோது, இதையாவது இழக்கக்கூடாது என்றிருந்தார்.

மே மாதம். தெருவிளக்குகளை மீறிக் கிழக்கே உயரத்தில் ஒரு நட்சத்திரம் எரிந்தது. கூர்மையாக எடுத்தால் வெறும் வெள்ளைப் புள்ளி. லென்ஸைச் சற்றுத் திருகி மங்கலாக்கினால் நிறம் விரியும். அந்த ஆரஞ்சுதான் அவருக்கு வேண்டும்.

வீட்டுக்காரி சீனியம்மாள் துணி எடுக்க வந்தாள்.

"என்னத்த தம்பி புடிக்கிறீக?"

"நட்சத்திரம்க்கா."

"எந்த நட்சத்திரம்?"

இங்கிலீஷில் சொன்னால் சந்தேகப்படுவாள் என்று தமிழில் சொன்னார்.

"சுவாதி."

சீனியம்மாள் துணியைக் கொடியிலேயே விட்டாள். "எம்மகன் ராம்கிக்குச் சுவாதின்னு யாரு சொன்னா ஒங்களுக்கு?"

பெனடிக்ட் வீட்டில் யாரும் ஜாதகம் எழுதியதில்லை. நட்சத்திரம் என்றால் அவருக்கு வானத்தில் இருப்பதுதான். அவசரமாகத் திரையைக் காட்டினார். கறுப்பில் ஆரஞ்சு வட்டம்.

"குங்குமம் வச்ச மாதிரில்ல இருக்கு. எம்புட்டு நாளா நடக்குது?"

"ஒரு வாரமா."

"ஒரு வாரமாத்தான் அவனுக்கு வயித்தால போகுது. சர்ச்சுக்குப் போற வேதக்காரவுகளுக்கு இந்தச் செய்வினையெல்லாம் தெரியாதுன்னுல நெனச்சேன். அழிங்க."

அழித்தார்.

"இங்க அழிச்சா மேல உள்ளது போயிருமா?"

"அது அங்கேயேதான் இருக்கும்க்கா."

"ஞாயித்துக்கெழம பொண்ணு வீட்டுக்காரவுக வாராக. பேச்சு முறிஞ்சா வேற வீடு பாத்துக்கங்க."

சனிக்கிழமை வானம் கழுவியதுபோல் இருந்தது. பெனடிக்டால் சும்மா இருக்க முடியவில்லை. விளக்கணைத்து, ஒரே ஒரு படம் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் கப்பலூரிலிருந்து வந்து, சரி சொல்லிவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை இருட்டியதும் சீனியம்மாள் கதவைத் தட்டினாள்.

"முந்தாநாளு மறுபடி எடுத்தீகளாம். ராம்கி பாத்திருக்கான்."

"காலி பண்ணிர்றேன்க்கா."

"யாரு காலி பண்ணச் சொன்னா? மூணு வருசமா அமையாதது அமைஞ்சிருக்கு. என்ன ஓதுனீகன்னு நான் கேக்கல. கல்யாணம் முடியிற வரைக்கும் நிப்பாட்டிராதீக."

"நான் ஒண்ணும் ஓதலக்கா."

"சரி, நம்புறேன்," என்று நம்பாமல் சொன்னாள். "வாங்க, மாடிக்கு."

மேலே கோடைமேகம் திரண்டு கிடந்தது.

"இன்னைக்கு ஒண்ணும் தெரியாதுக்கா."

"நீங்கதான சொன்னீக, அங்கேயேதான் இருக்கும்னு?"

பெனடிக்ட் கேமராவை மேகத்தை நோக்கித் திருப்பி அமுக்கினார். திரை கறுப்பாக இருந்தது. அவள் பார்க்காதபடி அதைக் கையால் மறைத்துக்கொண்டார். அவள் படியிறங்கும் சத்தம் கேட்கவில்லை. இன்னொரு முறை அமுக்கினார்.