அடிச் சத்தம்

படத்தில் விழும் அடிகளுக்குச் சத்தம் கொடுப்பது அவர் வேலை. ஈரத்துண்டைத் தோல் மெத்தையில் ஓங்கிப் போட்டால் கன்னத்து அறை. மைக் பக்கத்தில் கேரட்டை முறித்தால் எலும்பு. ஒலிக்கூடத்தில் அவருக்குப் பெயர் அடிதடி. வீட்டில் குரலைக்கூட உயர்த்தாதவர்.

அன்று ஒலிப்பதிவாளர் பேப்பரோடு வந்தார்.

"அண்ணே, உங்க மேலதான் கட்டுரை. படத்துல அடி கேக்க அவ்வளவு சுகமா இருக்காம். அதப் பாத்துதான் ஆம்பளைங்களுக்கு வீட்ல கை நீளுதாம்."

"கேரட் இனிக்கும்ல, அதச் சொல்றான்," என்றார் இன்னொருவர். சிரித்தார்கள்.

"சும்மா விடாதீங்கண்ணே. நறுக்குன்னு பதில் எழுதிப் போடுங்க."

பேப்பரை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். மகளும் மாப்பிள்ளையும் மாடியில்தான் குடியிருந்தார்கள். போன வாரம் மகள் ஒரு பெட்டியோடு கீழே இறங்கி வந்துவிட்டாள். இடது காது கேட்கவில்லை. ஒரு வருடமாக அடியாம்.

"சாயங்காலம் மாப்பிள்ளை கூப்பிட வர்றாரு," என்றாள் மனைவி. "நல்லபடியா பேசி அனுப்பி வைங்க. நாலு பேர் பாக்குற வீடு."

அவர் பதில் எழுத உட்கார்ந்தார். 'ஐயா, நிஜ அடிக்கு அப்படிச் சத்தம் வராது' என்று எழுதிவிட்டு மகளைப் பார்த்தார்.

"எப்படிம்மா இருக்கும்?"

"மெத்தைல புத்தகம் விழுந்தா மாதிரிப்பா. அவ்வளவுதான்."

அது அவருக்குத் தெரிந்த சத்தம். சாப்பிடும்போது பலமுறை தலைக்கு மேல் கேட்டிருக்கிறார். 'ஒரு சாமானையும் ஒழுங்கா வைக்கத் தெரியல இதுங்களுக்கு' என்று சொல்லி, குழம்பு கேட்டிருக்கிறார்.

அடுத்த வரியை எழுதினார்: 'என் மாப்பிள்ளை படமே பார்ப்பதில்லை. நிறையப் பார்த்தவன் நான்தான்.' அதற்கு மேல் ஓடவில்லை. மணி அடித்தது.

கதவைப் பாதி திறந்தார்.

"அவ வரமாட்டா."

"மாமா, புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். நீங்க போய் இதப் பெருசா..."

"வரமாட்டாப்பா."

கதவைச் சாத்தித் தாழ் போட்டார். கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். வரவில்லை. மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"போயிட்டான்மா," என்றார்.

அவள் திரும்பவில்லை. அவர் சுற்றிப் போய் வலது பக்கம் உட்கார்ந்து, மறுபடியும் சொன்னார்.