பனிமேட்டின் மேல் கதவு

“மேல் கதவைத் திறந்து வைங்க சார்.”

இதைக் கேட்கவே கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். லீவு கேள், சம்பளம் கூட்டிக் கேள், திட்டு வாங்கிக்கொள். மேல் கதவை மட்டும் கேட்காதே. நான் கேட்டேன். இதில் ஒரு வார்த்தைகூட நான் கட்டிச் சொல்லவில்லை. என் வலது உள்ளங்கையில் இன்றைக்கும் ரேகை கிடையாது. உரிந்து திரும்ப முளைத்த தோல் அது. நம்பாதவர்கள் நேரில் வந்து தொட்டுப் பார்க்கலாம்.

2002, ஆவணி மாதம். திருவிடந்தை தாண்டி, சவுக்குத் தோப்புக்கு நடுவில் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. பெயர் வேண்டாம். அங்கே ஒரு பனிக்கூடம் இருந்தது. ஜன்னலே இல்லாத பெரிய கொட்டகை. வெளியே ரோட்டில் தார் உருகும், உள்ளே பல் கிட்டிக்கொள்ளும். மெஷின் வைத்து ஒரு சரிவு முழுக்கப் பனி தூவியிருப்பார்கள். ஜனங்கள் வாடகைக் கோட்டை மாட்டிக்கொண்டு ரப்பர் டியூபில் சறுக்கிவிட்டுப் போவார்கள். நான் அங்கே சூப்பர்வைசர். ஜோதிலட்சுமி, பி.எஸ்ஸி. பிஸிக்ஸ். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் எங்கள் தெருவிலேயே டிகிரி வாங்கிய முதல் ஆள். அந்த டிகிரிக்கு அங்கே கிடைத்த மரியாதை, “மேடம்” என்று கூப்பிட்டுவிட்டு எதையும் சொல்லாமல் மறைப்பது.

சரிவின் உச்சியில் தெர்மகோலில் செய்த ஒரு மலை. அதற்குப் பின்னால், ஜனங்கள் போகாத இன்னொரு சரிவு, செங்குத்தாக. அதன் தலைமாட்டில்தான் அந்தக் கதவு. பச்சை எழுத்தில் ‘அவசர வழி’ என்று இருக்கும். வெளிப்பக்கம் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கும்.

வருஷத்துக்கு ஒரு தடவை மெஷினை ரிப்பேருக்கு நிறுத்துவார்கள். அப்போது பனியை அள்ளிக் கொட்ட மாட்டார்கள். ஐஸ் பாரை மூடி வைக்கிற மாதிரி பனி மேல் கோணியை விரித்து, அதன் மேல் நெல் உமியைக் கொட்டிப் பரப்பிவிடுவார்கள். முன்சரிவு கரைந்து ஓடினாலும் மலைக்குப் பின்னால் இருப்பது நாள்கணக்கில் கிடக்கும். அதை மிச்சப் பனி என்பார்கள்.

அந்த மிச்சப் பனிக்காகவே காத்திருந்தவன் ரஞ்சித்குமார். கடப்பாக்கத்து மீனவக் குடும்பம். மணாலிக்குப் போய் காலில் நீளப் பலகை மாட்டிச் சறுக்குகிற ஸ்கீயிங்கை முறையாகக் கற்றுக்கொண்டு வந்தவன். கூடத்தில் அவன்தான் வாத்தியார்.

“அங்க கோடை முடியசொல்ல மலையெல்லாம் மொட்டையாப் பூடும் மேடம். நெழலு வுழுற எடத்துல மட்டும் கொஞ்சூண்டு பனி நிக்கும். அத்தத் தேடிகினு ஏறிப் போவோம். ஒரு ஈ காக்கா இருக்காது. அதான் நெஜ ஸ்கீயிங்கு. இங்க நாம காட்டறது பொம்மலாட்டம்” என்பான்.

அவனுக்கு மணாலியிலேயே வேலை கிடைத்துவிட்டது. கிளம்புவதற்கு முன் மலைக்குப் பின்னால் ஒரே ஒரு தடவை இறங்க வேண்டும் என்றான். மேனேஜர் நரசிம்மன் சரி என்றுவிட்டார். நான்தான் குறுக்கே பேசினேன்.

“உள்ள கரண்ட் இல்லை சார். அவன் விழுந்தா கீழ்வாசல் வரைக்கும் யார் தூக்கறது? அதான் மேல் கதவைக் கேட்கறேன்.”

நரசிம்மன் கண்ணாடியைக் கழற்றினார். “உனக்கு என்னம்மா சொல்லியிருக்கேன்?”

“ஏன்னு சொல்லலையே.”

“டிக்கெட் இல்லாம வெளியாள் பூந்துடுவான்.”

“பூங்காவே மூடியிருக்கு. எவன் பூருவான்?”

“டிகிரி இருந்தா வாயும் இருக்கணும்னு இல்ல. போ.”

வெளியே வந்தேன். ரஞ்சித் சிரித்தான். “இன்னா பிஸிக்ஸு, மூஞ்சி இப்டி கொதிக்கிது?”

“விழுந்து சாவு. நான் தூக்க மாட்டேன்.”

“தூக்குவ, தூக்குவ.”

கொட்டகையைச் சுற்றிப் போனபோது மேல் கதவுக்கு வெளியே, இரும்புப் படிக்கட்டின் உச்சியில், நிழலில், மெஷின் ஆபரேட்டர் சின்னையனும் வாட்ச்மேனும் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். “நாங்க இங்கத்தான் கீறோம்மா” என்றார் சின்னையன். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

உள்ளே போனோம். உச்சி வெயில் நேரம்தான். ஆனால் கீழ்வாசலின் கனத்த கதவு மூடியதும் ராத்திரி. கடல் சத்தம் கத்தரித்த மாதிரி நின்றது. பாட்டரி லைட் ஒன்று மட்டும் உச்சியில் மஞ்சளாக எரிந்தது. என் கையில் ஒரு டார்ச், ஒரு அலுமினிய மண்வாரி. கோணியை விலக்க.

முதலில் உமிதான் சரியில்லை. மெஷினை நிறுத்திய அன்றைக்கு நானே நின்று பரப்பச் சொன்ன உமி. மேல் கதவடியிலிருந்து ஒரு ஆள் அகலத்துக்கு விலகிக் கிடந்தது. ஏதோ வயிற்றால் ஊர்ந்து வந்த மாதிரி.

“நாய் பூந்திருக்கும்” என்றான்.

“எந்த வழியா?”

அவன் கோணியை இழுத்துப் போட்டான்.

அடுத்தது குளிர். மெஷின் நின்று மூன்று நாள். சூடு ஏற வேண்டும். சுவரிலிருந்த தெர்மாமீட்டரில் டார்ச் அடித்தேன். இறங்கிக்கொண்டிருந்தது. நான் பார்க்கப் பார்க்க.

“ரஞ்சித், வா, போயிடலாம்.”

“ஒரே தபா.”

ஸ்கீயை மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் ஏறினான். சரக்... சரக்... சரக். உச்சிக்குப் போய், கதவுக்கு முதுகைக் காட்டி நின்றான். நான் பாதி வழியில் நின்று வெளிச்சம் காட்டினேன்.

என் வாயிலிருந்து புகை வந்தது. அவன் வாயிலிருந்தும் புகை.

அவன் முழங்காலுக்குப் பின்னால்... இன்னொரு புகை. விட்டு விட்டு. மூச்சு மாதிரி.

டம்.

கதவு.

டம்... டம்.

வெளியிலிருந்து இல்லை. உள்ளேயிருந்து.

“ரஞ்சித்!”

அவன் கம்பை ஊன்றிப் பாய்ந்துவிட்டான். சர்ர்ர் என்று வந்தான். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான். எனக்கு எதிரே, கை எட்டும் தூரத்தில்... நின்றுபோனான். சறுக்கி நிற்கவில்லை. கயிறு தீர்ந்த மாடு மாதிரி வெடுக்கென்று. முகம் குப்புறப் பனியில் அடித்தது. மூக்கு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அப்புறம் அவன் மேலே போனான்.

சரிவில் எதுவும் தானாக மேல்நோக்கிப் போகாது. நான் படித்த படிப்பு அது. அவன் போனான். கால் முன்னால், தலை பின்னால். நகத்தால் பனியைக் கீறிக்கொண்டே. ஒரு ஸ்கீ முறிந்து, முறிந்த முனை அவன் தொடையில் ஏறியது. கத்தினான். மேலே போனதும் உடம்பே ஒரு சுற்றுச் சுற்றியது. தலை கதவில் மோதியது.

டம்.

பின்னால் இழுபட்டது.

டம்.

நான் ஏறி ஓடினேன். அவன் கையைப் பிடித்து இழுத்தேன். அந்தப் பக்கமும் இழுத்தது. தோள் மளுக்கென்று கழன்றது. அவன் கால் முழங்கால் வரைக்கும் பனிக்குள் புதைந்திருந்தது. மண்வாரியால் அந்த இடத்தைக் கொத்தினேன். ஈரச் சாக்கில் அடித்த மாதிரி இருந்தது. இன்னொரு கொத்து. மண்வாரி என் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. அதே மண்வாரி திரும்பி வந்து என் கன்னத்தில் அடித்தது. வாயில் இரண்டு பல், ரத்தம். துப்பினேன். விடவில்லை.

கை எட்டுகிற தூரத்தில் கதவு. வெளியே இரண்டு ஆள். விரற்கடை தூரம்.

மண்டி போட்டபடியே உள்ளங்கையால் ஓங்கி அறைந்தேன். கை ஒட்டிக்கொண்டது. இரும்பு அவ்வளவு குளிர். பிய்த்தேன். தோல் கதவிலேயே நின்றுவிட்டது. முட்டியால் அடித்தேன். முழங்கையால் அடித்தேன். “சின்னையா! திறங்க! சின்னையா!”

டம். டம். டம்.

யாரும் திறக்கவில்லை.

ஒரு கை என் கூந்தலைப் பிடித்தது. ரஞ்சித்தின் கை இல்லை. அவன் கை இரண்டும் என் மடியில் இருந்தன.

அடித்தேன். அடித்தேன்.

கை ஓய்ந்தது.

நான் நிறுத்தியதும்... அதுவும் நிறுத்தியது.

ஒரு சத்தமும் இல்லை.

பிறகு, என் காலுக்குக் கீழே, பனிக்குள்ளிருந்து...

டம். டம். டம்.

நான் தட்டிய அதே தாளம்.

அவன் கால் விடுபட்டது. அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அப்படியே உருண்டேன். கீழ்வாசல் வரைக்கும் இழுத்து வந்தேன்.

வேனில் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனோம். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது மூச்சு நின்றது. ரத்தம் நிறையப் போய்விட்டது, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார் டாக்டர். அந்தக் கொஞ்சம் முழுக்க நான் கதவைத் தட்டிக்கொண்டு இருந்தேன். பூட்ஸை அவர்தான் கழற்றினார். உள்ளே காலுறை கிழியவில்லை. காலுறைக்கும் உள்ளே, கணுக்காலைச் சுற்றி, ஐந்து விரல் பதிந்த கறுப்புத் தடம்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் பூங்காவுக்குப் போனேன். நரசிம்மன் அறையில் சின்னையனும் வாட்ச்மேனும் நின்றார்கள். மூன்று பேரும் என் கைக்கட்டைப் பார்த்தார்கள்.

“தவறி விழுந்தான். நீயும் விழுந்தே. அவ்ளோதான்” என்றார் நரசிம்மன்.

நான் சின்னையனிடம் திரும்பினேன். “தட்டினேனே. கேக்கலையா?”

“கேட்டுது.”

“என் குரல்?”

“அந்தத் தடிமன் கதவுல கொரலு வராதும்மா. தட்டறது மட்டும்தான் வரும்.”

“அப்போ ஏன் திறக்கலை?”

அவர் தரையைப் பார்த்தார். “அந்தக் கதவு தட்டிச்சின்னா தொறக்கக் கூடாது. இங்க எல்லாருக்கும் தெரியும்.”

எல்லாருக்கும். இந்த வருஷம் சேர்ந்த எனக்கும் ரஞ்சித்துக்கும் தவிர. படித்தவர்கள் சிரிப்பார்களாம். அதனால் சொல்லவில்லையாம்.

“யார் செத்தது அங்கே?”

“தனகோடின்னு ஒரு ஆளு. போன வருசம். உமி போடப் போனான். உள்ள கீறான்னு தெரியாம கீழ்க் கதவைப் பூட்டிட்டோம். விடிய விடியத் தட்டிகினு இருந்தான். காலைல தொறந்தா கதவடியில வெறைச்சிக் கெடந்தான்.”

“கேட்டுக்கிட்டு சும்மா இருந்தீங்களா? அவன் அப்போ உயிரோட இருந்தானே! பேய் எங்கேர்ந்து வந்துது?”

சின்னையன் தலையை நிமிர்த்தினார். கண் கலங்கியிருந்தது.

“அத்தத்தாம்மா சொல்றேன். தனகோடி செத்து அது தட்டல. கூடம் கட்டுன நாள்லேர்ந்து தட்டுது. அப்ப அங்க ஒருத்தனும் சாவல. அது எப்பவும் தட்டறதுதானேன்னுதான்... அவன் தட்டசொல்ல நாங்க தொறக்கல.”

அப்போதுதான் கேட்டது. கொட்டகைப் பக்கமிருந்து.

டம்... டம்.

மூன்று பேரும் திரும்பவில்லை. வாட்ச்மேன் காதைச் சொறிந்துகொண்டான். நரசிம்மன் பேனாவைத் திறந்து மூடினார். பழகிப் போயிருந்தது.

“இன்னைக்கு உள்ள ஆள் போச்சா?” என்றேன்.

“ரத்தப் பனி அள்ள மூணு பேரு போனானுங்க.”

“மூணு பேரும் வந்தாச்சா?”

சின்னையன் வாட்ச்மேனைப் பார்த்தார். வாட்ச்மேன் சின்னையனைப் பார்த்தான். “வந்துட்டிருப்பானுங்க...”

டம். டம். டம்.

“ஜோதிலட்சுமி, உட்காரு” என்றார் நரசிம்மன். “அந்தப் பக்கம் போனா இன்னியோட வேலை காலி.”

அறை மூலையில் ஐஸ் உடைக்கிற கடப்பாரை சாத்தியிருந்தது. இடது கையால் எடுத்தேன். கனமாக இருந்தது. அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேஜையில் போட்டேன்.

“யம்மா, அது ஆளா இல்லாம இருந்தா?” என்றார் சின்னையன்.

நான் வெயிலுக்குள் இறங்கி நடந்தேன்.