பாண்கார விஜேந்திரனும் ஊசி வைத்தியமும்

எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் விஜேந்திரனைத் தெரியாதவர்கள் குறைவு. காலையில் ஓட்டோவில் பாட்டுப் போட்டபடி பேக்கரிப் பாண், பணிஸ் எல்லாம் விற்க வருவார். யாருக்குக் காய்ச்சல், யார் மகள் பரீட்சை எழுதுகிறாள் என்றெல்லாம் விசாரித்த பிறகுதான் பணிஸ் கைக்கு வரும்.

போன வருடம் மழைக்காலத்தில் அந்த மனிதர் வாடிப்போனார். வீட்டில் சாவும் இல்லை, சண்டையும் இல்லை. முதலில் பாட்டை நிறுத்தினார், பிறகு ஓட்டோவை. கடைசியில் கட்டிலைவிட்டு எழும்புவதே பெரும்பாடாகிவிட்டது.

"என்னாச்சுன்னு சொல்லுங்களேன்" என்று மனைவி தர்ஷிகா கேட்டுக் கேட்டு ஓய்ந்தாள்.

"ஒண்ணும் இல்ல" என்பார். பொய்யில்லை அது. அவருக்கே தெரியவில்லை.

மந்திரிக்கச் சொன்னார்கள் சிலர். தர்ஷிகா அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார்கள். காரணமில்லாமல் வந்துகொண்டிருந்த அழுகை நின்றது; தூக்கம்தான் வரவில்லை, சோறும் இறங்கவில்லை. தர்ஷிகா ஓட்டோ ஓட்டப் பழகி, தானே பாண் விற்கப் போனாள்.

சில மாதம் கழித்து, மாத்திரையோடு அக்குபங்சரும் செய்துபார்க்கலாம் என்று ஆஸ்பத்திரியில் அவரை மாத்தளை டவுனில் இருந்த டாக்டர் ஸரீனாவிடம் அனுப்பினார்கள். ஊசிகளைக் கண்டதும் விஜேந்திரன் தர்ஷிகாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கையில குத்தினா மனசு எப்படிங்க சரியாகும்?" என்று கேட்டாள் அவள்.

"ஊசி படுற எடத்துல இருந்து நரம்பு வழியா மூளைக்குச் சேதி போகுது. கவலை, பயம் இதையெல்லாம் பாக்குற பகுதிங்க அதுக்கப்புறம் மாறுறத ஸ்கேன் எடுத்துப் பாத்திருக்காங்க. இன்னும் ஆராய்ச்சி நடக்குது. எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன். மாத்திரைய மட்டும் நிறுத்திறாதீங்க."

பிறகு ஸரீனா அவர் பக்கம் குனிந்தார். "இது உங்க குத்தம் இல்ல அண்ணன். சோம்பேறித்தனமும் இல்ல."

விஜேந்திரனின் கண் நிறைந்தது. அதுவரை யாரும் அதை அவரிடம் சொன்னதில்லை.

ஊசி அவ்வளவாக வலிக்கவில்லை. ஆனால் முதல் சில தடவை ஒரு மாற்றமும் இல்லை. இனிப் போக வேண்டாம் என்றார், தர்ஷிகா விடவில்லை. ஒரு நாள் ஊசிகளோடு படுத்திருந்தவர் குறட்டை விட ஆரம்பித்தார். நேரமானதும் தாதி வந்து ஊசிகளை மெல்ல எடுத்துவிட்டு எழுப்பப் போனார். தர்ஷிகா ஓடிவந்து கும்பிட்டாள்.

"கொஞ்சம் தூங்கட்டும் மிஸ்."

அன்று திரும்பி வரும்போது பின் சீட்டிலிருந்து அவர் கேட்டார்: "நீ காலையில சாப்பிட்டியா?"

கண்ணீர் மறைத்து ரோடு தெரியவில்லை. தர்ஷிகா ஓட்டோவை ஓரங்கட்டினாள்.

ஒரேயடியாகக் குணமாகிவிடவில்லை. சில நாள் அவருக்கு இன்னும் மனசு கனக்கிறது; அன்று தர்ஷிகா மட்டும் வேலைக்குப் போவாள், வற்புறுத்த மாட்டாள். மற்ற நாட்களில் இருவருமாகப் போகிறார்கள்.

போன வாரம் ஸரீனா கேட்டார்: "மாத்திரையா, ஊசியா, எது கேட்டுச்சுன்னு நெனைக்கிறீங்க?"

விஜேந்திரன் யோசித்தார். "அது தெரியல்லங்க டாக்டர். விடிஞ்சா எழும்பணும்னு தோணுது."