வாசிகசாலைக்குப் போன புற்றுநோய்க் கிளினிக்

கொதிக்கும் தண்ணீருக்குள் கண்ணாடி ஊசிக்குழல்கள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கை நிறைய வளையல் போட்ட ஒருத்தி அடுப்படியில் அவசரமாக வேலை செய்வதுபோல அது கேட்கும். ஆஸ்பத்திரி லிகிதரின் தொழில், பிறர் பெயரையும் வயதையும் நோயையும் அட்டையில் எழுதிவிட்டு, முகத்தை மறந்துவிடுவது. என்னைப்போல அந்தப் பக்கம் வரிசையும் இந்தப் பக்கம் மை ஒழுகும் பேனையுமாக வாழ்ந்த லிகிதர்களே, உங்களுக்கு முகம் எங்கே மறக்கிறது?

மெதுவான நோய்

எண்பதுகளில் ஒரு மாரி காலத்தில் கொலரா என்கிற வாந்திபேதி பரவியது. எங்கள் புற்றுநோய்க் கிளினிக் இருந்த அறைகளில் வாந்திபேதிக்காரருக்குக் கட்டில் போட்டார்கள். எங்களைக் குருநகர் ஓரத்தில் ஒரு வாசிகசாலைக்கு அனுப்பினார்கள். முன்பக்கம் தடுப்பூசி, நடுவில் படுக்கை விரிப்பால் ஒரு திரை, பின்பக்கம் நாங்கள். வாசலில் ஊசிக்கு மட்டுமே பலகை தொங்கியது. பழைய பத்திரிகைக் கட்டுகளை ஒதுக்கிவிட்டு டொக்டர் நோயாளரைப் பார்த்தார்.

பார்க்கத்தான் ஆளில்லை. மேசை நிறைய அட்டை எடுத்து வைப்பேன், நாலு பேர் வருவார்கள். மருதனார்மடத்துப் புகையிலைத் தோட்டக்காரர் சின்னத்துரைக்குக் கன்னத்துக்குள் புண். மாரி முழுக்க அவர் வரவில்லை. பங்குனியில் வந்தபோது வாயைத் திறக்கவே கஷ்டப்பட்டார். ஏன் வரவில்லை என்று கேட்டேன். "இஞ்சை வந்து கொலரா தொத்தினால் ரெண்டு நாளிலை கொண்டு போயிடும் எண்டு பயந்திட்டன், பிள்ளை. உந்தப் புண் ஆறுதலாய், மெல்ல மெல்லத்தானே கொல்லும்."

மூன்று பெயர்கள்

ஊசி வரிசைக்கும் நானே பெயர் எழுதினேன். ஒரு கிழமை திரேசம்மா என்று ஒருவர் வந்தார். அடுத்த கிழமை அன்னம்மா. அதற்கடுத்த கிழமை செபமாலை. மூன்று பேருக்கும் ஒரே முகம், இடது பெருவிரலில் ஒரே மீன்வெட்டுத் தழும்பு. கை வீங்கிப் போயிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. "உமக்கென்ன, ஊசி விசரோ? மற்றவைக்கு மருந்து போதாமல் கிடக்குது!" என்று சத்தம் போட்டேன். போகச் சொல்லி வாசலையும் காட்டிவிட்டேன். குருநகரில் மீன் விற்கும் திரேசம்மா, சந்தையையே அடக்கும் குரல்காரி, அன்று மட்டும் கதிரையில் குந்தி, திரைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: "ஊசி போடுறவை எல்லாம் கையை மட்டும்தானே பாக்கினம், கிளாக்கரம்மா."

நான் எழுந்து திரையைத் தூக்கிப் பிடித்தேன். டொக்டர் பார்த்தபோது அவர் மார்பில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. உள்ளே போய் வந்தவர் என்னிடம் குறைப்பட்டார்: "முதலே கேட்டிருந்தால் ரெண்டு ஊசி மிச்சம்."

பனங்கட்டிப் பெட்டி

திரேசம்மாவின் கட்டியில் வெட்டி எடுத்த சதைத்துண்டைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும். வழக்கமாகப் பஸ்ஸில் போகும். அந்த மாதம் ஆஸ்பத்திரி முத்திரையைக் கண்டதும் கொண்டக்டர் நாலடி பின்னால் போய்விட்டார். "கொலராச் சாமான் ஏத்தேலாது!" புற்றுநோய் தொற்றாது என்று நான் நடுத்தெருவில் நின்று பாடம் நடத்தினேன். பஸ் போய்விட்டது.

மறுநாள் பனையோலைப் பெட்டி ஒன்றின் அடியில் சதைத்துண்டு கிடந்த மருந்துப் போத்தலை வைத்து, மேலே ஓலையில் பொதிந்த பனை வெல்லமாய் நாலு பனங்கட்டிக் குட்டான் அடுக்கினேன். அதே கொண்டக்டர் அதைத் தன் சீற்றுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். மூன்று கிழமையில் புற்றுநோய்தான் என்று முடிவு வந்தது. கூடவே அங்கிருந்த தமிழ் லிகிதர் ஒரு துண்டு எழுதியிருந்தார்: "பனங்கட்டிக்கு நன்றி. இனிமேல் சதைத்துண்டை மேலே வைக்கவும், நான் போத்தலைக் காணுமுன் இரண்டு குட்டான் தின்று முடிந்துவிட்டது."

எந்த வாட்டு?

உடனே ஒப்பரேசன் செய்யாவிட்டால் பிறகு கை வைக்க முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆனால் திரேசம்மாவின் மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. தாய்க்குப் புற்றுநோய் என்றால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள். "எனக்குக் கொலரா எண்டு எழுதித் தாங்கோ" என்றார்.

"பொய் எழுதமாட்டன்" என்றேன்.

"எழுத வேண்டாம். ஆரும் கேட்டால் வாயை மூடிக்கொண்டிருங்கோ, அது போதும்."

"ஊரே உம்மைக் கண்டு ஓடுமே?"

"ஓடட்டும், கிளாக்கரம்மா. கொலரா எண்டால் ஒருத்தரும் ஆஸ்பத்திரி வாட்டுக்கு வந்து எட்டிப் பாக்கமாட்டினம். சுகமாகி வந்தால் மறந்தும் போடுவினம்."

நான் வாயை மூடிக்கொண்டேன், ஒப்பரேசன் நடந்தது. அந்த வருடம் வாந்திபேதியால் எங்கள் கிளினிக்குக்கு நோயாளர் குறைந்துவிட்டதாக மேலிடத்துக்கு அறிக்கை எழுதினேன். அதே வாந்திபேதி ஒருத்தியைக் கூட்டிவந்து சேர்த்ததைச் சொல்ல அந்தப் படிவத்தில் கட்டம் இருக்கவில்லை. பத்து வருடத்துக்குப் பிறகு போரால் ஊர் முழுக்க இடம்பெயர்ந்தபோது, திரேசம்மா பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பத்து மைல் தள்ளியிருந்த சாவகச்சேரி வரைக்கும் நடந்தே போனார்.